சிரிக்கத் தெரிந்த முகமூடி

"புலி சுங்கான் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலே, ஒரு மலையடிவாரத்திலே..."

கொரியாவில் பாட்டி கதை இப்படித்தான் ஆரம்பமாகும். புலியாவது, சுங்கான் பிடிப்பதாவது என்று அங்கே எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. சுவோன் நகரில் பால்தால்சா என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் இந்தக் காட்சியைச் சித்திரமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். புலியார் மிடுக்காக உட்கார்ந்து புகை பிடிக்கிறார். நீளமான சுங்கானைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு முயல்கள் பணிவிடை செய்கின்றன!

கொரியா மலைகள் நிறைந்த நாடு. ஒரு காலத்தில் அந்த மலைகளிலெல்லாம் புலிகள் உலவின. கிராமத்து ஜனங்களை அந்தி சாய்ந்தாலே நடுங்க வைத்த மிருகம் அது. அந்தப் புலியைத்தான் கொரியர்கள் தங்கள் கதைகளில் அசடாக்கி வைத்தார்கள்.

ஒரு கதையில், பசியோடு ஊருக்குள் வந்த புலி ஒரு வீட்டு ஜன்னலடியில் பதுங்குகிறது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது. "அழாதே, வெளியே புலி வந்திருக்கிறது" என்று தாய் பயமுறுத்துகிறாள். அழுகை நிற்கவில்லை. "இதோ பார், கொத்கம்!" என்கிறாள். சட்டென்று அழுகை நின்றுவிடுகிறது. கொத்கம் என்பது உலர்த்திய ஒரு தித்திப்புப் பழம். பாவம், புலிக்கு அது எப்படித் தெரியும்? தன்னைவிடப் பயங்கரமான ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று எண்ணி ஓட்டம் பிடிக்கிறது!

எதைக் கண்டு நடுங்குகிறோமோ, அதைப் பார்த்து ஒரு தடவையாவது சிரித்துவிட வேண்டும். கொரிய நகைச்சுவையின் சூட்சுமம் இதுதான். புலி இருக்கும் இடத்தில் பிரபுவை வைக்கலாம், அரசனை வைக்கலாம், மரணத்தைக்கூட வைக்கலாம். கொரியர்கள் மூன்றையும் வைத்துப் பார்த்தவர்கள்.

வயது என்ன?

இரண்டு கொரியர்கள் புதிதாகச் சந்தித்தால், சற்று நேரத்துக்குள் ஒருவர் வயதை ஒருவர் விசாரித்துக்கொள்வது வழக்கம். அது வம்பு அல்ல; அவசியம். வயதும் பதவியும் தெரியாவிட்டால் அவர்களால் வாயைத் திறந்து ஒரு வாக்கியத்தைச் சரியாக முடிக்க முடியாது. பெரியவரிடம் பேசும்போது வினைச்சொல்லின் முடிவு ஒரு விதம். சிறியவரிடம் பேசும்போது வேறு விதம். ஒத்த வயதுள்ளவரைத்தான் சாதாரணமாக 'நண்பன்' என்ற சொல்லால் குறிப்பிடுவார்கள்.

இத்தகைய சமூகத்தில் வேடிக்கைப் பேச்சு சுலபமான காரியம் அல்ல. நண்பர்கள் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் கேலி செய்துகொள்ளலாம். பெரியவர் சிறியவரைக் கேலி செய்யலாம். சிறியவர் பெரியவரைக் கேலி செய்வது என்றால், கரணம் தப்பினால் மரணந்தான்!

ஆகையால் கொரியர்கள் வேடிக்கைக்குள்ளே உண்மையை ஒளித்து வைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். "பாதி வேடிக்கை, பாதி நிஜம்" என்று அவர்கள் மொழியில் ஒரு தொடர் உண்டு. "பேச்சுக்குள் எலும்பு இருக்கிறது" என்று மற்றொரு தொடரும் உண்டு. மேலே மெத்தென்று இருக்கும். கடித்தால் உள்ளே எலும்பு தட்டுப்படும்.

உயிரைக் காத்த கதை

அந்த எலும்பு ஒரு மனிதரின் உயிரையே காப்பாற்றியதாகச் சரித்திரம் கூறுகிறது.

642-ஆம் ஆண்டு. கொரியா அப்போது மூன்று ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தது. சில்லா ராஜ்யத்தைச் சேர்ந்த கிம் சுன்சூ என்ற அரச குலத்தவர், படை உதவி கேட்டு வடக்கே கோகுர்யோ ராஜ்யத்துக்குப் போனார். பழைய எல்லைப் பிரதேசத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் உதவி என்றான் அந்நாட்டு மன்னன். தூதர் மறுத்தார். பிடித்து அடைத்துவிட்டார்கள்.

சுன்சூ அந்த மன்னனுக்கு நெருங்கிய ஓர் அதிகாரிக்குத் துணிகளைப் பரிசாக அனுப்பினார். அதிகாரி உணவும் மதுவும் எடுத்துக்கொண்டு சிறைக்கு வந்தார். "என் அரசனிடம் பொய் சொல்லித் தப்பித்துக்கொள்" என்று அவர் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? குடித்துக் களித்திருந்த வேளையில், விளையாட்டுப் போல ஒரு கதை சொன்னார்.

கடலரசனின் மகளுக்கு நோய். முயலின் ஈரல்தான் மருந்து. ஆமை ஒன்று கரைக்கு வந்து, ஆசை வார்த்தை கூறி முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. நடுக்கடலில் ஆமை உண்மையைச் சொல்கிறது. முயல் கலங்கவில்லை. "அடடா, முன்பே சொல்லக் கூடாதா? ஈரலைக் கழுவி ஒரு பாறையடியில் வைத்துவிட்டு வந்தேனே! திரும்பிப் போய் எடுத்து வரலாம்" என்கிறது. கரை சேர்ந்ததும் ஒரே ஓட்டம்!

சுன்சூவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊர் திரும்பியதும் நிலத்தைத் தரச் சொல்வதாக மன்னனுக்கு எழுதிக் கொடுத்து விடுதலை பெற்றார். எல்லையைத் தாண்டியதும், அது உயிர் பிழைக்கச் சொன்ன வார்த்தை என்றார். 654-இல் அவரே சில்லாவின் மன்னரானார். 1145-இல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சாகி' என்ற சரித்திர நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

கதை நமக்குப் புதியது அல்ல. குரங்கின் இருதயத்துக்கு ஆசைப்பட்ட முதலையின் கதையாக ஜாதகக் கதைகளிலும் பஞ்சதந்திரத்திலும் உள்ளதுதான் இது. பௌத்த மதத்தோடு இந்தியாவிலிருந்து புறப்பட்ட கதை, கொரியாவில் முயலும் ஆமையுமாக வேஷம் மாற்றிக்கொண்டது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பிற்காலத்தில் அது 'சுகுங்கா' என்ற இசைக் கதையாக விரிந்தது. ஒரே பாடகர், ஒரே மேளக்காரர். பாட்டும் வசனமுமாய் மணிக்கணக்கில் நடக்கும் அந்தக் கச்சேரியில், ஏழை முயல் கடலரசனை ஏமாற்றும் கட்டம் வரும்போது இன்றும் சபை ஆரவாரிக்கிறது.

அரசனும் பிக்ஷுவும்

1392-இல் ஜோசன் அரச வம்சத்தை நிறுவியவர் யீ சோங்கியே. அவருக்கும் முஹாக் என்ற பௌத்த பிக்ஷுவுக்கும் நடந்ததாக ஒரு சம்பாஷணை வழங்குகிறது.

ஒரு நாள் அரசர், "இன்று நமக்குள் உயர்வு தாழ்வு வேண்டாம். மனம் விட்டுக் கேலி பேசுவோம்" என்றாராம். பிறகு பிக்ஷுவைப் பார்த்து, "உம்மைப் பார்த்தால் எனக்குப் பன்றியைப் போல் இருக்கிறது" என்றார்.

"மகாராஜாவைப் பார்த்தால் எனக்குப் புத்தரைப் போல் இருக்கிறது" என்றார் பிக்ஷு.

"கேலி செய்யச் சொன்னால் முகஸ்துதி செய்கிறீரே?"

"பன்றியின் கண்ணுக்குப் பன்றி தெரியும், புத்தரின் கண்ணுக்குப் புத்தர் தெரியும், மகாராஜா."

இது உண்மையில் நடந்ததோ இல்லையோ, கொரிய மக்கள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அனுமதி முதலில் அரசரிடமிருந்து வந்தது. அனுமதி கொடுத்தபின் கோபித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை.

படித்த பிரபுக்களும் சிரிப்பை வெறுத்தவர்கள் அல்லர். சோ கோஜோங் என்பவர் பதினைந்தாம் நூற்றாண்டில் ஜோசன் அரசில் பெரும் பதவிகள் வகித்த பேரறிஞர். அவரே 1477-இல் வேடிக்கைக் கதைகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். அதில் மனைவிக்கு அஞ்சிய ஒரு சேனாதிபதியின் கதை வருகிறது.

தம்மைப் போல் எத்தனை பேர் என்று அறிய விரும்பிய சேனாதிபதி, மைதானத்தில் ஒரு சிவப்புக் கொடியும் ஒரு நீலக் கொடியும் நாட்டினார். மனைவிக்குப் பயப்படுகிறவர்கள் சிவப்புக் கொடிப் பக்கமும், பயப்படாதவர்கள் நீலக் கொடிப் பக்கமும் போக வேண்டும் என்று உத்தரவிட்டார். படை முழுவதும் சிவப்புக் கொடியை நோக்கி நகர்ந்தது. ஒரே ஒருவன் மட்டும் நீலக் கொடியடியில் நின்றான். "நீ அல்லவா வீரன்! எப்படி இந்தத் தைரியம் வந்தது?" என்று கேட்டார் சேனாதிபதி. அவன் சொன்னான்: "ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்தால் பெண்களைப் பற்றித்தான் பேசுவார்கள், அங்கே போகாதே என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், ஐயா."

எஜமானர் முற்றத்தில் ஏவலாளின் பரிகாசம்

பிரபுக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சிரித்துக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏவலாள் பிரபுவைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு முகமூடி வேண்டும்.

தென் கொரியாவில் ஆன்டோங் நகருக்கு அருகே, ஆறு வளைந்து சுற்றிக்கொண்டு ஓடும் இடத்தில், ஹாஹ்வே என்ற கிராமம் இருக்கிறது. ரியூ குலத்துப் பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் பழமை மாறாமல் நிற்பதால் 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1999-இல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் வந்து பார்த்த ஊரும் இதுவே.

இந்த ஊர்க் காவல் தெய்வத்துக்குப் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய திருவிழா நடக்கும். அப்போது குடியானவர்கள் மர முகமூடி அணிந்து ஊர் முழுதும் ஆடுவார்கள். அந்தச் சில நாட்களுக்கு அவர்கள் வாய்க்குப் பூட்டு இல்லை. ஆட்டத்தில் யாங்பன் என்ற பிரபுவும் சொன்பி என்ற பண்டிதரும் ஒரு பெண்ணின் முன்னால் தங்கள் பெருமையைப் பேசிச் சண்டையிடும் கட்டம் பிரசித்தமானது.

பிரபு, தாம் 'சதேபு' குலத்தில் பிறந்தவர் என்கிறார். சதேபு என்றால் உயர்குலத்துக் கனவான். ஆனால் 'ச' என்ற ஒலிக்கு நான்கு என்றும் பொருள் உண்டு. பண்டிதர் உடனே, தாம் 'பல்தேபு' குலம் என்கிறார். 'பல்' என்றால் எட்டு! குலப் பெருமை வாய்ப்பாடாகிவிட்டது. பிரபு தாம் நான்கு நூலும் மூன்று வேதமும் கற்றவர் என்கிறார். பண்டிதரோ எட்டு நூலும் ஆறு வேதமும் கற்றவராம். அப்படி ஆறு வேதம் ஏது என்று பிரபு திகைக்கிறார்.

குறுக்கே பாய்கிறான் பிரபுவின் ஏவலாள் சோரெங்கி. "எனக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?" என்று அடுக்குகிறான். கொரிய மொழியில் வேதத்துக்குக் 'கியோங்' என்று பெயர். கியோங் என்று முடியும் சொற்களையெல்லாம் அவன் வேதமாக்கிவிடுகிறான். பௌத்தர்களின் மகா ஆகமம் ஒன்று. பிக்ஷு ஓதும் மந்திரம் ஒன்று. குருடனின் மூக்குக் கண்ணாடி ஒன்று. மருந்துக் கடைக் கிழங்கு ஒன்று. அச்சிலே ஏற்றத் தகாதது ஒன்று. கடைசியாக, பண்ணையாளின் வருஷக் கூலி ஒன்று! இவர்களுக்குத் தெரிந்த ஆறு வேதம் உமக்குத் தெரியவில்லையே என்று பண்டிதர் பிரபுவை மடக்குகிறார்.

கூட்டம் இதைக் கேட்டுச் சிரித்தது. அந்தக் கூட்டத்தில் வருஷக் கூலிக்குக் காத்திருந்த பண்ணையாட்களும் இருந்தார்கள். கூலி அளக்க வேண்டிய எஜமானர்களும் இருந்தார்கள். சிலேடைக்குள் இருந்த எலும்பு இருவருக்குமே தட்டுப்பட்டிருக்கும்.

இத்தனைக்கும், ரியூ பிரபுக்களின் சம்மதமும் பொருளுதவியும் இல்லாமல் அந்த ஆட்டம் நடந்திருக்க முடியாது. தங்களைப் பரிகசிக்கும் கூத்தை அவர்கள் ஏன் அனுமதித்தார்கள்? ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்த ஆத்திரம் சிரிப்பாக வெளியேறினால் ஊருக்கு க்ஷேமம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதே அறிஞர்கள் கூறும் காரணம். ஆட்டம் முடிந்து முகமூடியைக் கழற்றி வைத்ததும் ஏவலாள் மறுபடி ஏவலாள்தான். ஆனால் சொன்ன சொல் திரும்பி வராது அல்லவா?

வடக்கே போங்சான் என்ற ஊரின் ஆட்டத்தில் பரிகாசம் இன்னும் காரமானது. மல்துகி என்ற வேலைக்காரன், 'யாங்பன்' என்ற சொல்லையே இரண்டாக உடைக்கிறான். நாய்த்தோல் ஆசனத்திலிருந்து ஓர் அசை, நாய்க்கால் வைத்த சாப்பாட்டு மேஜையிலிருந்து ஓர் அசை. இரண்டும் சேர்ந்தால் பிரபு என்கிறான்! "என்னடா சொன்னாய்?" என்று பிரபுக்கள் சீறுகிறார்கள். பிரபுக்கள் வருகிறார்கள் என்று கட்டியம் கூறினேன் என்று மழுப்புகிறான். அதை நம்பி அவர்களும் ஆடத் தொடங்குகிறார்கள். மீண்டும் கேலி, மீண்டும் சீற்றம், மீண்டும் மழுப்பல். போங்சான் இப்போது வட கொரியாவில் இருக்கிறது. யுத்தத்தில் தெற்கே வந்த அகதிகள் மூட்டை முடிச்சோடு இந்த ஆட்டத்தையும் நினைவிலே சுமந்து வந்தார்கள். 1967-இல் தென் கொரிய அரசு அதைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது.

ஹாஹ்வே ஆட்டம் ஜப்பானியர் ஆட்சியில், 1928-க்குப் பிறகு நின்றுபோயிற்று. 1970-களில் முதியவர்களின் ஞாபகத்திலிருந்து மீட்டு எடுத்தார்கள். அதே காலத்தில் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்த பல்கலைக்கழக மாணவர்களும் பழைய முகமூடி ஆட்டங்களைக் கற்றுக்கொண்டு கல்லூரி மைதானங்களில் ஆடினார்கள். பிரபுவின் இடத்தில் யாரை வைத்துச் சிரிக்கிறார்கள் என்பது ஆடியவர்களுக்கும் தெரியும். காவலுக்கு நின்றவர்களுக்கும் தெரியும். 2022-இல் கொரிய முகமூடி ஆட்டங்கள் யுனெஸ்கோவின் மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தன.

பிணத்தின் முன்னே ஒரு பிரசவம்

"அழுதுகொண்டிருக்கும்போதே சிரித்தால் பின்புறத்தில் கொம்பு முளைக்கும்" என்று கொரியக் குழந்தைகள் ஒருவரையொருவர் கேலி செய்வதுண்டு. ஆனால் தென்மேற்கே ஜிண்டோ தீவில் பெரியவர்களே இந்தக் காரியத்தைச் செய்கிறார்கள்.

வயது முதிர்ந்து, பிள்ளை குட்டிகளைக் கண்டு கண்மூடியவரின் சாவு அங்கே கல்யாணச் சாவு. அடக்கத்துக்கு முந்திய இரவில் 'தாசிரேகி' என்ற கூத்து நடக்கும். குருடன் ஒருவன், அவன் மனைவி, அவள்மீது கண் வைத்த ஒரு பிக்ஷு ஆகிய மூவரும் அடிக்கும் கும்மாளத்தில் துக்க வீடு குலுங்கும். கடைசியில், சவப்பெட்டி இருக்கும் வீட்டு முற்றத்திலேயே அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்! தகப்பன் யார் என்று இருவரும் அடித்துக்கொள்வார்கள். துக்கம் தாளாத பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டால் ஆட்டக்காரர்களுக்கு வெற்றி. ஒரு மூச்சு நின்ற வீட்டில் ஒரு மூச்சு தொடங்குகிறது என்பதே இதன் பொருள். 1985-இல் இந்தக் கூத்தும் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டது.

கோமாளியின் மன்னிப்பு

இந்தப் பரம்பரையில் வந்தவர்தான் யீ ஜூயில் என்ற ஹாஸ்ய நடிகர். தம் முகம் அழகாக இல்லாததற்குச் சபையோரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது அவருடைய பிரசித்தமான வசனம். 1977 நவம்பரில் இரி என்ற ஊரின் ரயில் நிலையத்தில் வெடிமருந்து வண்டி வெடித்துப் பலர் மாண்டார்கள். அருகிலிருந்த அரங்கமும் இடிந்தது. அங்கே ஒரு பாடகியின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. தம் தலையில் பட்ட பலத்த காயத்தோடு அந்தப் பாடகியை முதுகில் சுமந்து வெளியே கொண்டு வந்தவர், அப்போது பெயர் பெறாத கோமாளியான இந்த யீ ஜூயில்.

1992-இல் ஜனங்கள் அவரைத் தேசிய சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அரசியலைவிட்டு விலகியபோது, சபையில் ஹாஸ்யத்தை நன்றாகக் கற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்! 2002-இல் நுரையீரல் புற்றுநோயோடு படுத்திருந்தபோதும், புகை பிடிக்காதீர்கள் என்று தொலைக்காட்சியில் தோன்றி மக்களை வேண்டிக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் காலமானார்.

சோரெங்கியின் பேரப்பிள்ளைகள்

1997-இல் கொரியப் பொருளாதாரம் சரிந்து, சர்வதேச நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கும்படி ஆயிற்று. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அப்போது முளைத்த சிலேடைகள் எல்லாம் வயிற்றெரிச்சலில் பிறந்தவை. சீனப் புராணக் கதையில் 'சாஓஜோங்' என்று ஒரு பாத்திரம் உண்டு. அந்தப் பெயருக்கு 'நாற்பத்தைந்து வயதில் ஓய்வு' என்று புதுப் பொருள் கற்பித்தார்கள். பூசான் துறைமுகத்தின் அருகே 'ஓர்யுக்டோ' என்று சிறு தீவுகள் உண்டு. 'ஐம்பத்தாறு வயதில் இன்னும் வேலையில் இருப்பவன் திருடன்' என்று அதற்குப் பொருள் வந்தது. பிறகு மகாகவி லீ போவும் தப்பவில்லை. கொரிய உச்சரிப்பில் 'யீ தேபேக்' என்ற அவர் பெயர், 'இருபது வயதுக்காரர்களில் பாதிக்கு மேல் வேலையில்லாதவர்' என்று ஆகிவிட்டது.

இப்போது 'ஆஜே வேடிக்கை' என்று ஒரு வகை வழங்குகிறது. ஆஜே என்றால் நடுத்தர வயது மாமா. அவர் சொல்லும் சாதுச் சிலேடைகளுக்கு இந்தப் பெயர். உலகத்தில் பரம ஏழையான ராஜா யார் என்று மாமா கேட்பார். "குறைந்தபட்சக் கூலி" என்பது விடை. கொரிய மொழியில் ராஜாவுக்கும் கூலிக்கும் ஒரே ஒலி, 'இம்கும்'. சிரிப்பு வரவில்லை என்றால் இளைஞர்கள், "குளிருகிறது!" என்பார்கள். காரியாலயத்தில் மாமா மேலதிகாரியாக இருந்துவிட்டால், குளிரோடு குளிராகச் சிரித்துத்தான் ஆக வேண்டும்! ஆனால் பெரியவரின் பேச்சுக்குக் கேலிப் பெயர் வைக்கும் துணிச்சல் சிறியவர்களுக்கு வந்துவிட்டது. பிரபுவின் இடத்தில் இப்போது மாமா நிற்கிறார். பண்ணையாளின் வருஷக் கூலி இருந்த இடத்தில் குறைந்தபட்சக் கூலி இருக்கிறது. எலும்பு மட்டும் அதே எலும்புதான்.

தாடை இல்லாத முகம்

ஹாஹ்வேயின் பழைய முகமூடிகளை 1964-இல் கொரிய அரசு தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. அவற்றைச் செதுக்கியவன் ஹோ என்ற இளைஞன் என்பது ஊர்க் கதை. தெய்வம் கனவில் இட்ட கட்டளைப்படி, யார் கண்ணிலும் படாமல் அவன் வேலையை முடிக்க வேண்டும். அவன்மேல் ஆசை வைத்த பெண் ஒருத்தி மனம் தாங்காமல் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அக்கணமே அவன் ரத்தம் கக்கி இறந்தான். கடைசியாகச் செதுக்கிய 'இமே' என்ற முகத்துக்குத் தாடை வைக்காமலே போய்விட்டான்.

பிரபுவின் முகமூடியில் தாடை தனியாகச் செய்து கயிற்றால் கோத்திருக்கிறது. ஆடுபவர் தலையை நிமிர்த்தினால் வாய் விரிந்து முகம் சிரிக்கும். குனிந்தால் கடுகடுவென்று ஆகும். எந்த நேரத்தில் சிரிக்க வேண்டும், எந்த நேரத்தில் சினக்க வேண்டும் என்று பிரபுவின் முகம் கணக்குப் பார்க்கிறது.

இமே பண்டிதரின் வேலைக்காரன், ஊருக்கு இளைத்தவன், அசடன். அவன் முகமூடி எப்படித் திருப்பினாலும் சிரித்த முகந்தான். தாடை இல்லாததால் ஆடுகிற குடியானவனின் சொந்த வாயே வெளியில் தெரியும். அத்தனை முகமூடிகளுக்குள்ளும், ஒரு மனிதன் தன் வாயாலேயே சிரிப்பதைப் பார்க்க வேண்டுமானால் இமேயின் முகத்தில்தான் பார்க்கலாம்.